எது விதி?

மழை பெய்கிறது. இரவெல்லாம் பெய்கிறது. மலை நனைகிறது, மண் கனக்கிறது, பாறை நழுவுகிறது. பொழுது விடிந்தபோது, வீடு இருந்த இடத்திலே வீடில்லை. கூடி நிற்கும் கூட்டத்திலே முதியவர் ஒருவர் பெருமூச்செறிகிறார்: "எல்லாம் விதி!"

விதி! எத்துணை வசதியான சொல்! அந்தச் சொல் பிறந்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. குற்றம் இல்லை, குற்றவாளி இல்லை, திருத்தப்பட வேண்டியதும் இல்லை. புதைந்தவரைத் தோண்டி எடுத்து மீண்டும் புதைத்தால் போதும், கணக்குத் தீர்ந்தது.

அந்த முதியவரை நாம் குறைகூற மாட்டோம். பறிகொடுத்தவர் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒரு கொம்பைத் தேடுவார். அவருக்கு அகப்பட்ட கொம்பு அது. ஆனால், அதே சொல்லை அலுவலக நாற்காலியிலே அமர்ந்திருப்பவரும் உச்சரிக்கும்போது நாம் நிமிர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது: எந்த விதி, ஐயா?

தமிழிலே அந்தச் சொல்லுக்குப் பொருள் இரண்டு. தலையிலே எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவது ஒன்று. தாளிலே எழுதப்படுவது மற்றொன்று. முன்னதை எழுதியவரை எவரும் கண்டதில்லை. பின்னதை எழுதியவருக்கோ பெயருண்டு, பதவியுண்டு, கையொப்பமுண்டு, முத்திரையுண்டு. மலைச்சரிவிலே மாண்டவர் கதையைத் துருவிப் பார்த்தால், தலையெழுத்தின்மீது ஏற்றப்படும் பழியிற் பெரும்பகுதி கையெழுத்தின் கணக்கிலே சேர வேண்டியது என்பது விளங்கும்.

தொலைவிற்குப் போக வேண்டா. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயலின் பெருமழை. திருவண்ணாமலையிலே, அண்ணாமலையின் சரிவை ஒட்டிய வ.உ.சி. நகரிலே, மண்ணும் பாறையும் உருண்டு வந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். இலட்சக்கணக்கானோர் வலம்வந்து வணங்கும் மலை அது. 'புனித மலை' என்று போற்றப்படும் மலை, தன் மடியிலே கிடந்த குழந்தைகளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மலைக்குக் கண்ணில்லை, காதில்லை, கருணையில்லை, கோபமுமில்லை. எடையும் ஈரமும் சரிவும் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

மலைக்குத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். அதனால்தான் கேள்வி மனிதனை நோக்கி வருகிறது. ஒரு சரிவிலே தெரு உண்டாகிறது என்றால், அது ஓரிரவிலே முளைத்த காளானா? பாதை போட யாரோ இசைகிறார். மின்கம்பம் நட யாரோ எழுதித் தருகிறார். வீட்டுவரிக்கு யாரோ இரசீது கிழிக்கிறார். தேர்தல் வந்தால் யாரோ படியேறி வந்து வாக்குக் கேட்கிறார். இத்தனை பேர் கண்ணிலே பட்ட தெரு, மலை சரிந்த மறுநாள் மட்டும் 'ஆக்கிரமிப்பு' என்று பெயர் மாறுவது எப்படி?

இந்தக் கேள்வியை நாம் வெள்ளிமலையை மனத்திற்கொண்டு எழுப்புகிறோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை கல்வராயன்மலை. கோமுகி ஆறு பிறக்கும் இடம். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தினையும் சாமையும் விளைத்து வாழ்ந்த இடம். நாடு விடுதலை பெற்றது 1947இல். ஆனால் அந்த மலைமக்களுக்கும் அரசுக்கும் நடுவே ஜாகீர்தார்கள் நின்ற நிலை 1976 வரை நீடித்தது. மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்த மலை அந்த ஆண்டிலேதான் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. சமவெளியிலே இருந்தவன் குடிமகனாகி ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து, மலையிலே இருந்தவன் குடிமகனானான். இடையிலே தொலைந்த அந்த முப்பதாண்டும் எவருடைய தலையெழுத்து?

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கல்வராயன்மலையும் தனி வட்டமாயிற்று. வெள்ளிமலை அதன் தலைமையிடமாயிற்று. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியிலே நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவம் என்ற அடிப்படைத் தேவைகள் நீதிமன்றத்திலே பேசப்படலாயின. நல்லது. வரவேற்கிறோம்.

ஆனால் தலைமையிடம் என்றால் என்ன? அலுவலகம் வேண்டும். அலுவலர் குடியிருப்பு வேண்டும். கடைத்தெரு வேண்டும். சாலை அகலமானால் சுற்றுலாக்காரர் வருவர். சுற்றுலாக்காரர் வந்தால் விடுதி வரும். விடுதி வந்தால் மனை விலை ஏறும். மனை விலை ஏறினால் சரிவும் மனையாகும். நீலகிரியும் கொடைக்கானலும் ஏற்காடும் நடந்த வழி இது. வெள்ளிமலை இன்று அந்த வழியின் தொடக்கத்திலே நிற்கிறது. முடிவு எடுக்கப்பட்ட பிறகு புலம்புவதைவிட, முடிவு எடுக்கப்படும் முன்பே சிந்திப்பது பகுத்தறிவாளர் கடமை.

சரிவிலே வீடு கட்டுவது எப்படி? சமவெளியிலே கட்டுவது போன்ற வீடு வேண்டுமென்றால் முதலிலே சமதளம் வேண்டும். பொக்லைன் வருகிறது. மேற்பக்கத்து மண்ணை வெட்டுகிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்திலே கொட்டுகிறது. வெட்டிய பக்கம் செங்குத்தாகிறது: அதுவரை மேல்மண்ணைத் தாங்கிநின்ற கால் அறுபடுகிறது. கொட்டிய பக்கம் தளர்மண்ணாகிறது: அதன்மேல் பாதி வீடு ஏறுகிறது. வேர்விட்டு மண்ணைப் பிடித்திருந்த மரம் போய்விட்டது. கூரைநீரும் குளியல்நீரும் வடிகாலின்றி மண்ணிலே இறங்குகின்றன. மண்துகள்களுக்கு இடையே நீர் புகுந்து அழுத்தும்போது, ஒன்றையொன்று பற்றியிருந்த துகள்கள் பிடி தளர்கின்றன. தடுப்புச் சுவர் எழுப்பினாலும், நீர் வெளியேறத் துளை விடாவிட்டால் அந்தச் சுவரே நீரைத் தேக்கி, ஒருநாள் சுவரோடு சேர்ந்து சாயும். இதிலே மருமம் எங்கே? மாயம் எங்கே? படித்தால் புரிவது, அளந்தால் தெரிவது, செலவிட்டால் தடுக்கக்கூடியது.

தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது அறியாமையல்ல, அலட்சியம். இந்த அலட்சியத்திற்கு மூன்று கேடயங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

"என் நிலம், என் பணம், என் வீடு. கேட்க நீ யார்?" என்பது முதற் கேடயம். சமவெளியிலேகூட இந்த வாதம் முழுதும் நிற்காது. மலையிலே அது நிற்கவே நிற்காது. சமவெளியிலே இருவர் அருகருகே இருக்கிறார்கள். மலையிலே ஒருவர்மேல் ஒருவர் இருக்கிறார்கள். மேலே இருப்பவன் வெட்டினால் கீழே இருப்பவன் முற்றத்திலே மண் விழும். மேலே இருப்பவன் வடிகாலை அடைத்தால் கீழே இருப்பவன் சுவர் ஊறும். மேலிருப்பவனுக்கு உரிமை, கீழிருப்பவனுக்கு விளைவு என்ற ஏற்பாடு நமக்குப் பழக்கமில்லாததன்று. சமுதாயத்திலே நெடுங்காலமாக நாம் கண்டு, வெறுத்து, எதிர்த்துவரும் ஏற்பாடுதான் அது. மண்ணிலே அதை ஏற்போமா?

"மன்றம் கூடியது, தீர்மானம் நிறைவேறியது, பெரும்பான்மை இசைந்தது" என்பது இரண்டாவது கேடயம். பெரும்பான்மையை நாம் மதிக்கிறோம். மன்னர்களின் ஆணையைக் காட்டிலும் மக்களின் தீர்மானம் உயர்ந்தது என்று முழங்கியவர்கள் நாம். ஆயினும் பெரும்பான்மை ஒன்றைத் தீர்மானிக்க முடியாது: ஈரமண் எத்தனை பாகைச் சரிவிலே நிற்கும் என்பதைக் கைதூக்கி முடிவுசெய்ய முடியாது. மற்றொன்றும் முடியாது: வாராதவன் உயிரைப் பணயம் வைக்க, வந்தவர்களுக்கு உரிமை கிடையாது. கூட்டத்திலே கைதூக்கியவர் எத்தனை பேர் அந்தச் சரிவின் அடியிலே உறங்குபவர்கள்? நாளை பிறந்து அங்கே தவழப்போகும் குழந்தையின் கை எந்தப் பக்கம் எண்ணப்பட்டது?

"வல்லுநர் ஒப்புதல் இருக்கிறது, கோப்பிலே குறை இல்லை" என்பது மூன்றாவது கேடயம். இங்கேதான் கொடைக்கானல் நமக்குப் பாடம் சொல்கிறது. இரண்டு மாடிக்குமேல் விதி இடந்தராத இடத்திலே ஏழு மாடி விடுதியொன்று எழுந்தது. அதைக் காப்பாற்ற 1994இல் விதிவிலக்கு ஆணை பிறந்தது. பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் வழக்காடியது. உயர் நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது. 1995இல் உச்ச நீதிமன்றமும் விதிமீறிய மாடிகளுக்கு இடந்தரவில்லை. மலையிலே கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்த, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை 1990இலேயே அமைத்த மாநிலம் நமது மாநிலம். விதி இல்லாத நாடன்று இது. விதி இருந்தது, விலக்கும் கூடவே வந்தது. கோப்பிலே குறை இல்லாமலிருக்க, கோப்பே திருத்தப்படும் என்பதற்கு அது சான்று.

இதுவரை நாம் சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் மலையிலே ஒரு செங்கல்லும் வைக்கலாகாது, மலையைத் தொடாதே, மக்களை இறக்கிவிடு!" என்று கூற ஒரு கூட்டம் முன்வரும். சமவெளியிலே சலவைக்கல் மாளிகை கட்டி அமர்ந்துகொண்டு, மலையின் பசுமைக்காக மனம் உருகும் கூட்டம் அது. அவர்களோடும் நமக்கு வழக்குண்டு. அதுவே பெரிய வழக்கு.

ஏனெனில் 'கட்டாதே' என்ற ஆணை எல்லோர்மீதும் ஒரே எடையில் இறங்குவதில்லை. விடுதிக்காரருக்கு வழக்கறிஞர் உண்டு, விலக்கு உண்டு, வேறு ஊரிலே வேறு வீடும் உண்டு. குடிசைக்காரனுக்கு? அவன் பாட்டன் பிறந்த சரிவு அது. சமதளம் என்று இருந்ததெல்லாம் அலுவலகத்திற்கும் சாலைக்கும் வசதியுள்ளவர் மனைக்கும் போயிற்று. மிச்சமிருந்தது சரிவு. சரிவிலும் அவன் கட்டக்கூடாதென்றால் அவன் எங்கே கட்டுவது, ஆகாயத்திலா?

இதற்கு விடைதராமல் விடும் எச்சரிக்கை என்ன ஆகும் என்பதை இலங்கை மலையகத்திலே கண்டோம். பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை. நம் மொழி பேசும் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன் வரிசைகள். 2014 அக்டோபர் 29, காலை வேளை. மலை இறங்கி வந்து லயன்களை மூடிற்று. தேயிலை பறிக்கப் போன தாய் திரும்பி வந்தபோது அவள் வீடு மண்மேடாகக் கிடந்தது. ஆபத்து அறியப்படாததா? இல்லை. அந்த இடம் அபாயகரமானது, மக்கள் அப்புறப்பட வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். எங்கே போவது? காலடி மண் தோட்டத்துக்குச் சொந்தம். லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். தொழிலாளிக்குச் சொந்தம் அவன் கைகள் மட்டும். 1948இலே குடியுரிமையைப் பறிகொடுத்து, நெடிது போராடி அதைத் திரும்பப் பெற்ற மக்கள் அவர்கள். குடியுரிமை வந்தது, குடியிருக்க ஒரு துண்டு நிலம் வரவில்லை.

உள்ளாட்சி என்ன செய்தது? கேளுங்கள், தோழர்களே! 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை பணம் செலவிடுவதற்கே தடையாக நின்றது. தொழிலாளி வாக்களிக்கலாம், அவன் வாக்கிலே உறுப்பினர் வெல்லலாம், ஆனால் அவன் வீட்டு வாசலுக்கு ஒரு வடிகால் போடச் சபையால் முடியாது. 2018இலேதான் சட்டம் திருத்தப்பட்டது. மீரியபெத்தை புதைந்து நான்காண்டு கழித்து!

கேரளத்து மூணாற்றை அடுத்த பெட்டிமுடியிலும் அதே கதை. 2020 ஆகஸ்ட் 6, நள்ளிரவு மழை. தேயிலைத் தொழிலாளர் லயங்களின்மீது மலை விழுந்தது, எழுபது பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். இரு நாடு, இரு சட்டம், இரு கொடி. ஆனால் லயம் ஒன்று, சரிவு ஒன்று, மண்ணுக்குள் போனவர் வகுப்பும் ஒன்று. விதி என்பது உண்மையானால், அது ஏன் இவ்வளவு ஒழுங்காக ஏழையின் முகவரியையே தேடிவருகிறது? மாளிகையின் கதவைத் தட்ட அதற்கு ஏன் வழி தெரிவதில்லை?

ஆகவே நாம் வந்தடையும் அறம் இது: 'இங்கே கட்டாதே' என்று சொல்லும் கை, 'இதோ, இங்கே கட்டு' என்று காட்டவும் கடமைப்பட்டது. மாற்று இடம் காட்டாத தடை, பாதுகாப்பாகாது. பழியைப் பாதிக்கப்பட்டவன் தலைக்கு மாற்றும் தந்திரமாகும். "சொன்னோம், அவன் கேட்கவில்லை" என்று பின்னாளிலே கூறுவதற்காக முன்னாளிலே எழுதிவைக்கப்படும் காகிதம் அது. அதுபோலவே, பாதுகாப்பு இல்லாத இடத்திலே வீடு வழங்குவதும் ஈகையாகாது. இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்: முடிவெடுப்பவன் விளைவிலிருந்து விலகி நிற்பது.

இந்த அறத்தை வெள்ளிமலையிலே வைத்துப் பார்ப்போம். குடிசையெல்லாம் ஓட்டு வீடாக, ஓட்டு வீடெல்லாம் உறுதியான வீடாக வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை. 2010இல் இருபத்தோரு இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024இல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டமோ 2030க்குள் எட்டு இலட்சம் வீடுகள் என்று குறிவைக்கிறது, வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய். 360 சதுர அடி. நல்ல திட்டம். ஆனால் 360 சதுர அடிச் சமதளம் மலைச்சரிவிலே தானாக விரிந்து கிடக்காது. அதை வெட்ட வேண்டும். வெட்டிய இடத்திற்குத் தடுப்புச் சுவர் வேண்டும். சுவருக்குப் பின்னே வடிகால் வேண்டும். அந்தச் செலவு எந்தத் தலைப்பிலே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பது திட்டத்தை எதிர்ப்பதாகாது. திட்டத்தை நிலைக்கச் செய்வதாகும்.

அடுத்து, பட்டா. பட்டா இல்லாதவனுக்கு வீட்டுத் திட்டம் எட்டாக்கனி. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் வாழ்ந்துவரும் பழங்குடிகளின் உரிமையை ஏற்றது. ஆனால் தமிழ்நாட்டிலே நீதிமன்றத் தடையால் உரிமைப் பட்டயம் வழங்குவது ஆண்டுக்கணக்கிலே முடங்கிக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. பக்கத்து ஆந்திரத்திலே ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் உண்டு. அங்கே பழங்குடி நிலம் பிறர் கைக்குப் போகாதபடி 1970இன் ஒழுங்குமுறைச் சட்டம் காவல் நிற்கிறது. தமிழ்நாட்டிலே ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. அந்தக் காவலும் இங்கில்லை. காவலில்லாத இடத்திலே மனை விலை ஏறினால் என்ன நடக்கும்? சமதளத்தை விற்றுவிட்டு மலைமகன் சரிவுக்கு ஏறுவான். பிறகு சரிவு சரியும். பிறகு "விதி" என்போம்.

இதைத் தடுக்கும் கருவி நம் கையிலே இல்லாமலில்லை. அதன் பெயர் கிராமசபை. வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைக் கோரிக்கை தொடங்குவதே அங்கேதான். அதற்காகக் கூடும் சபையிலே உறுப்பினர் பாதிப்பேரேனும் வரவேண்டும், வந்தவரிலே மூன்றிலொரு பங்கேனும் பெண்களாக இருக்கவேண்டும் என்று விதியும் இருக்கிறது. பொதுவான கிராமசபைக்கோ ஆண்டுக்கு ஆறு நாள்: குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியார் பிறந்த நாள், உள்ளாட்சி நாள். ஆறு முறை கூடுகிறார்கள், அறிக்கையைப் படிக்கிறார்கள், கையொப்பம் வாங்குகிறார்கள், கலைகிறார்கள். அந்த வரிசையிலே நின்று கையொப்பமிடும் இளைஞன் ஒருவன், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஐந்து கேள்வி கேட்கட்டும்.

இந்த மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் ஒப்புதல் தந்ததா? சரிவை அளந்தவர் யார்? மழைநீர் எவ்வழி இறங்கும், அவ்வழியிலே யார் வீடு இருக்கிறது? இங்கே கட்டக்கூடாதென்றால், கட்டக்கூடிய இடம் எது? இந்த முடிவிலே கையொப்பமிட்டவர் பெயர்கள் பலகையிலே எழுதப்படுமா?

ஐந்தாவது கேள்வியே ஆற்றல் மிக்கது. கோயில் படிக்கட்டிலும் மின்விளக்கிலும்கூட உபயதாரர் பெயரைப் பொறிக்கும் நாடு இது. பாலம் கட்டினால் பெயர். பேருந்து நிழற்குடை கட்டினால் பெயர். சரிவிலே வீடு கட்ட அனுமதி தந்தவர் பெயரையும் அவ்வாறே பொறிப்போம். நல்ல முடிவென்றால் பேரன் படித்துப் பெருமைப்படட்டும். தீய முடிவென்றால்? பெயர் பொறிக்கப்படும் என்று தெரிந்த கை, பேனாவை எடுக்கும் முன் ஒருமுறை மலையை நிமிர்ந்து பார்க்கும். அந்த ஒரு பார்வைதான் நாம் வேண்டுவது.

"கேள்வி கேட்டால் வேலை நடக்குமா? வளர்ச்சி தடைப்படாதா?" என்பர் சிலர். ஒரு மழையில் நிற்காத வளர்ச்சி, வளர்ச்சியாகுமா? முப்பதாண்டு பிந்திக் குடிமகனான மலைமகனுக்கு வீடும் வேண்டும், அந்த வீடு நிற்கவும் வேண்டும். இரண்டிலொன்றைத் தேர்ந்துகொள் என்று அவனிடம் சொல்ல நமக்கு யார் உரிமை தந்தது? சமவெளியிலே இருப்பவன் வீட்டையும் உயிரையும் ஒருசேரப் பெற்றிருக்கிறான். மலையிலே இருப்பவன் கேட்பது அதற்கு ஒரு பிடியும் கூடுதலில்லை.

வள்ளுவர் ஊழ் என்றோர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமை என்றோர் அதிகாரமும் வைத்தார். முன்னதை மட்டும் மனப்பாடம் செய்த சமுதாயம் இது. இனிப் பின்னதைப் படிக்கட்டும். வெள்ளிமலையிலே நாளை மழை பெய்யும். பெய்வதை நாம் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டா, கோமுகி நிறைய அது வேண்டும். ஆனால் அந்த மழையிலே ஒரு தாய் தன் குழந்தையை அணைத்தபடி, கூரைக்குமேல் இருக்கும் மண்ணைப் பற்றிய அச்சமின்றி உறங்குவாளா, மாட்டாளா என்பது வானத்திலே முடிவாவதில்லை. ஊராட்சி மன்றத்து மேசையிலே, ஒரு தாளிலே, ஒரு கையொப்பத்திலே முடிவாகிறது.

அந்தத் தாளிலே எழுதப்படுவதுதான் விதி. எழுதுவது மனிதன் கை. எனவே திருத்துவதும் மனிதன் கையால் முடியும்.